போனில் செம்பருந்து: கருவட்டம் போன வழி

பழவேற்காட்டில் படகுக் கம்பத்தில் உட்காரும் செம்பருந்தை 8×42 பைனாகுலர் வழியாகப் போனில் எடுக்கப் பார்த்தேன். சுற்றிலும் கருவட்டம், 2 மடங்கு ஜூம் போட்டால் மொத்தமும் இருட்டு. கண்ணாடியைத் துடைத்தேன், ஐகப்பை (கண் வைக்கும் இடத்து வளையம்) ஏற்றி இறக்கினேன், டேப் போட்டு ஒட்டினேன். நாட்கள் போனதுதான் மிச்சம்.

காரணம் போனுக்குள் இருந்தது. ஜூமைத் தொட்டதும் அது தானாகப் பக்கத்து லென்ஸுக்குத் தாவுகிறது. பைனாகுலரிலிருந்து வரும் ஒளிக்கற்றையோ 5 மி.மீ. சொச்சம் அகலம்தான், அங்கே எட்டாது. ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடி, 1 மடங்கில் எது வேலை செய்கிறதென்று கண்டுபிடித்தேன். அதை மட்டும் நடுவில் பொருத்தி, தானியங்கி மேக்ரோவையும் (மிகக் கிட்டத்தில் எடுக்கும் வசதி) அணைத்தேன். அதுவும் லென்ஸ் மாற்றும். அப்பாடா, வட்டம் ஓரத்துக்குப் போனது, க்ராப்பில் வெட்டிவிடலாம்.

அப்புறம் திரையில் பருந்தின் வெள்ளைத் தலையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்தால், மார்பின் மெல்லிய கோடுகள்கூடத் தெரிகின்றன.