டாஷ்போர்டு விளக்கு எரியாத கார்: நான் சரிசெய்த விதம்

பார்க்கிங் விளக்கைப் போட்டால் பின்விளக்குகள் எரிந்தன; டாஷ்போர்டு மட்டும் இருட்டு. எல்லாப் பல்புகளும் ஒரே நேரத்தில் உயிரை விடுவது அபூர்வம். ஆகவே கோளாறு அவற்றுக்குப் பொதுவான பாதையில்தான் என்று முடிவுகட்டி, மீட்டர் பேனலைக் கழற்றும் தொல்லையைத் தள்ளிவைத்தேன்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. அடுத்தது டிம்மர், அதாவது டாஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. என் காரில் இருப்பது பழைய வகை: கம்பிச் சுருளின்மேல் ஒரு தொடுமுனை நகரும் ரியோஸ்டாட். திருகை மெல்லச் சுழற்றியபோது ஓரிடத்தில் வெளிச்சம் மின்னி மறைந்தது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

உள்ளே வரும் கம்பியில் மல்டிமீட்டர் 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. வெளியேறும் கம்பியில், முழு வெளிச்ச நிலையிலும், 3 வோல்ட்கூட இல்லை. இணைப்பியைக் கழற்றாமல், பின்புறமாக மல்டிமீட்டர் முனையைச் செருகித்தான் இதை அளக்க வேண்டும். பல்புகள் மின்னோட்டம் இழுக்காதபோது கெட்டுப்போன தொடுமுனைகூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். உறுதிசெய்ய, ஃபியூஸ் கோத்த சிறு கம்பியால் உள்ளே வரும் கம்பியையும் வெளியேறும் கம்பியையும் நேரே இணைத்தேன், டாஷ்போர்டு பளிச்சென்றது. சில டிம்மர்களில் மூன்றாவதாக எர்த் கம்பியும் இருக்கும். அதை இதில் சேர்த்தால் ஃபியூஸ் போய்விடும்.

பேட்டரி இணைப்பை நீக்கி, டிம்மரைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம்செய்யும் திரவம்) தெளித்துத் திருகை இரு கோடிக்கும் பலமுறை சுழற்றினேன். கறுப்பாக அழுக்கு வழிந்தது. உப்புத்தாள் போடச் சொல்வார்கள். அவ்வளவு மெல்லிய கம்பியில் எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ந்தபின் மாட்டினேன், வெளிச்சம் சீராக ஏறி இறங்கியது.

புதிய கார்கள் பலவற்றில் டிம்மர் மின்சாரத்தைத் துடிப்புகளாக வெட்டி அனுப்புகிறது. அங்கே மல்டிமீட்டர் காட்டும் வோல்ட் வெறும் சராசரிதான்.