இனப்படுகொலைப் பாடம்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையான ஹோலோகாஸ்ட்டைச் சொல்லிக்கொடுக்கும்போது, "60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்" என்று பலகையில் எழுதிப் பாடத்தைத் தொடங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எண் பெரிதாகப் பெரிதாக முகம் மறைந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் ஸ்டீபன் ஸ்மித்தின் பணி இதற்கு நேர்மாறான வழியில் போனது. அவர் மெதடிஸ்ட் கிறிஸ்தவப் போதகரின் மகன், யூதர் அல்ல. 1991இல் சகோதரர் ஜேம்ஸுடன் ஜெருசலேமிலுள்ள யாத் வஷேம் என்ற ஹோலோகாஸ்ட் நினைவகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். 1995இல் குடும்பமாகச் சேர்ந்து நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் கிராமத்தருகே பெத் ஷாலோம் என்ற ஹோலோகாஸ்ட் நினைவகத்தைத் திறந்தார்கள். கொல்லப்பட்ட 15 லட்சம் குழந்தைகளுக்காக, வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைக்கும் குவியல் அங்கே உண்டு.

சகோதரர்கள் தொடங்கிய ஈஜிஸ் அறக்கட்டளை, 1994இல் ருவாண்டாவில் கொல்லப்பட்ட துட்சி இன மக்களுக்காக அந்நாட்டின் தலைநகர் கிகாலியில் எழுந்த நினைவகத்தை உருவாக்குவதில் பங்கெடுத்தது. 2004இல் திறந்த அந்த வளாகத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் மனதை உலுக்குவது குழந்தைகளுக்கான அறைதான். ஒரு 10 வயதுச் சிறுவனின் படம். கீழே: பிடித்த விளையாட்டு கால்பந்து, பிடித்த காரியம் பிறரைச் சிரிக்கவைப்பது, ஆசை, மருத்துவராவது. அவன் கடைசியாகச் சொன்னது, ஐ.நா. படை நம்மைக் காப்பாற்ற வரும் என்பது. வரவில்லை. இதைப் படித்த மாணவனுக்கு எண்ணிக்கையைப் பிறகு சொன்னால் போதும், அதன் கனம் தானாகவே விளங்கும்.

யூத வெறுப்பு ஹிட்லரோடு தொடங்கி 1945இல் முடிந்தது போலச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு தவறு. யூதர்களை 1290இலேயே நாட்டைவிட்டு விரட்டியது இங்கிலாந்து. கொள்ளைநோய் பரவியபோது கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று பழி சுமத்தி ஐரோப்பாவின் பல இடங்களில் அவர்களைக் கொன்றார்கள். 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் யூத வழிபாட்டிடத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இந்த வெறுப்பை வளர்த்தவர்கள் யூதர் அல்லாதவர்கள்; அதைப் பேசவேண்டிய பொறுப்பும் முதலில் அவர்களுக்கே. ஒரு போதகரின் மகன் இதைக் கையிலெடுத்தது அதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வகுப்பைப் பிரித்துச் சிலரைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் நடிக்கவைப்பதை அறவே விட்டுவிடுங்கள். வதைமுகாமை நடித்து உணர முடியாது. அது விளையாட்டாகிவிடும், அல்லது ஒரு பிள்ளையைக் காயப்படுத்தும். பிணக்குவியல் படங்களிலும் கவனம் வேண்டும்: பல படங்கள் கொன்றவர்களே எடுத்தவை. அவற்றுக்குப் பதில் உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்கள் இருக்கின்றன. ஸ்மித் 2009 முதல் 2021 வரை தலைமையேற்ற, இத்தகைய வாக்குமூலங்களைப் பதிவுசெய்து பாதுகாக்கும் அமெரிக்காவின் ஷோவா அறக்கட்டளையிடம் 55,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஆர்மீனியர், ருவாண்டாவின் துட்சிகள், சீனாவின் நான்ஜிங் மக்கள் எனப் பிற படுகொலைகளில் உயிர் தப்பியவர்களின் குரல்களும் அதில் உண்டு. எந்தத் துயரம் பெரிது என்ற போட்டிக்கு அங்கே இடமில்லை, வகுப்பிலும் வேண்டாம்.

கடைசியாக, கொலையிலிருந்தே கதையைத் தொடங்காதீர்கள். ஜெர்மனியில் 1933 ஏப்ரலில் யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள், அதே மாதம் அவர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம் போட்டார்கள். ருவாண்டாவில் அடையாள அட்டையில் இனம் பொறித்தது பெல்ஜிய ஆட்சி. பல ஆண்டுகள் கழித்து வானொலி துட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது. அப்போது அக்கம்பக்கத்தார் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள்.