லாரி பெர்மிட்: சிறு உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிமாநிலங்களுக்கும் சரக்கு ஏற்றிச் செல்வதற்கான நேஷனல் பெர்மிட், சாலை வரி, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) கட்டணம் எல்லாம் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்துக்கு வந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் பலர், ஆர்.சி.யைப் புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர் வேலையை முடித்துத் தருவார்தான். ஆனால் பதிவில் தன் மொபைல் எண்ணைப் போட்டுவிட்டால், வண்டி உங்களுடையது, ஓடிபி அவருடையது. வீட்டிலிருந்தே கட்டக்கூடிய கட்டணத்துக்கும் அவரைத் தேடி அலைய வேண்டும். முதலில் அந்த எண்ணை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது தேதிக் குழப்பம். பெர்மிட் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். வெளிமாநிலம் போவதற்கான அங்கீகாரமோ ஓராண்டுக்குத்தான். ஆண்டுதோறும் 16,500 ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ‘பெர்மிட்டில் இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறதே’ என்று நாசிக்குக்கு வெங்காயம் ஏற்ற வண்டியை அனுப்பிவிட்டு, அங்கே சோதனையில் மாட்டிக்கொள்வது இதனால்தான். எஃப்.சி.க்கு வேறு கணக்கு. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும்.

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான இ-வே பில்லைச் சரக்கு அனுப்புபவரின் தலைவலி என்று விட்டுவிடாதீர்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். உளுந்தூர்ப்பேட்டை அருகே ஆக்சில் உடைந்து சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், அந்த லாரியின் எண்ணைப் பில்லின் ‘பி’ பகுதியில் ஏற்றிய பிறகே அது நகர வேண்டும். கெடு நீட்டிக்க, அது முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரம்தான் அவகாசம். தவறவிட்டால் வரியைப் போல் இரு மடங்கு அபராதம் கேட்பார்கள். சரக்கோடு உங்கள் லாரியும் நிற்கும். வாடகை இழப்பு யாருக்கு?

பிறர் சரக்கை எல்.ஆர். (சரக்கு ரசீது) போட்டு அனுப்பும் புக்கிங் அலுவலகம் நடத்தினால், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி தனிப் பதிவும் வேண்டும். ஒருமுறை வாங்கினால் பத்து ஆண்டுக்குச் செல்லும். ஜிஎஸ்டி எண் அதற்கு ஈடாகாது.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை. அதற்கும் ‘பெர்மிட் செலவு’ என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, ஓட்டுநரின் வாட்ஸ்அப்பில் இருக்கும் ஆர்.சி. போட்டோ ஆவணம் ஆகாது. டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ திறந்து காட்டினால் செல்லும். அதை எப்படித் திறப்பது என்பதை வண்டி கிளம்பும் முன்பே அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.