வால் எலும்பு வலி எனக்கு எப்படி விட்டது
படியில் வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்து 3 மாதமாகியும் வலி போகவில்லை. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, மாத்திரை, வெந்நீர் ஒத்தடம் எதற்கும் வலி நிற்கவில்லை, நடுவில் ஓட்டை உள்ள வட்ட மெத்தையில் உட்கார்ந்தால் வலி கூடத்தான் செய்தது.

நான் யாரிடமும் சொல்லாமல் விட்டது ஒன்று: உட்கார்ந்திருப்பதைவிட நாற்காலியிலிருந்து எழும் அந்த நொடியில்தான் சுருக்கென்று குத்தும். பிசியோதெரபிஸ்ட் அதைக் கேட்டதும் உட்கார்ந்த நிலையில் எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார். எலும்பின் நுனி முன்பக்கமாக அளவுக்கு மீறி மடங்கியிருந்தது.

அப்புறம் என் சம்மதம் கேட்டு, கையுறை போட்ட விரலை ஆசனவாய் வழியே விட்டு, எலும்பை ஒட்டி இறுகிக் கிடந்த தசையை மெல்ல அழுத்தித் தளர்த்தினார். கூச்சம்தான், ஆனால் சில நிமிட வேலை. 3-வது முறைக்குப் பிறகு எழும்போது குத்தவில்லை, அப்பாடா!