பௌலிங் விளையாடினால் மணிக்கட்டு வலிக்கிறதா? சப்போர்ட்டும் கிளவுஸும் பார்த்து வாங்குங்கள்

பாலக்காட்டு எல்லையோரம் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது லீவு நாளில் கோயமுத்தூருக்கோ, கொஞ்சம் பெரிய திட்டமாக இருந்தால் கொச்சிக்கோ போய் மாலில் பௌலிங் (கனமான பந்தை உருட்டி எதிரே நிற்கிற பின்களை, அதாவது கட்டைகளை, விழவைக்கிற ஆட்டம்) விளையாடிவிட்டு வருகிறார்கள். நல்ல விளையாட்டு, சின்னப் பிள்ளையிலிருந்து தாத்தா வரை சேர்ந்து ஆடலாம். ஆனால் மறுநாள் காலையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "அண்ணா, கைக்குப் போடற பேண்ட் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு, அடுத்த தடவையும் போய் அதே கனமான பந்தையே தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குகிற சப்போர்ட் பாதிப் பேருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு வலியைக் கூட்டியும் விடும்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் பந்தைப் பாருங்கள். மால்களில் அடுக்கி வைத்திருக்கும் பந்துகளில் 6 முதல் 16 வரை ஒரு எண் போட்டிருக்கும், அது பவுண்டு கணக்கு. 8 என்றால் சுமார் 3.6 கிலோ, 10 என்றால் நாலரை, 12 என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை, 16 என்றால் ஏழே கால் கிலோ. ஒரு ஆட்டத்தில் பத்து ஃபிரேம் (சுற்று), எல்லாமே ஸ்ட்ரைக், அதாவது முதல் வீச்சிலேயே எல்லாப் பின்னும், விழுந்தால்கூடக் கடைசிச் சுற்றின் கூடுதல் வீச்சுகளோடு 12 தடவை வீச வேண்டும், புதிதாக ஆடுகிறவருக்குப் பெரும்பாலும் 20 தடவை ஆகிவிடும். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஆடினால் ஐந்து கிலோவை அறுபது தடவை ஒரே கையில் பின்னால் கொண்டுபோய் முன்னால் விடுகிறோம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு எடுக்கலாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது வாராவாரம் ஆடிப் பழகிய கைக்குச் சரி, மாதத்துக்கு ஒருமுறை போகிற 65 கிலோ ஆள் அதை நம்பி 14 எடுத்தால் கை தாங்காது. 10 எடுங்கள், பெண்கள் 8 எடுங்கள், வலி இருந்தால் அதிலிருந்தும் இரண்டு குறையுங்கள். பின்களை விழவைப்பதற்குக் கனத்தைவிடக் குறி முக்கியம், இதைப் பக்கத்து லேனில் நிதானமாக ஆடுகிற யாரைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது பந்தில் விரல் நுழைக்கிற ஓட்டை. என்னைக் கேட்டால் மணிக்கட்டு வலிக்குப் பாதிக் காரணம் கட்டைவிரல் ஓட்டைதான். ஓட்டை பெரிதாக இருந்தால் பந்து நழுவிவிடும் என்று பயந்து விரலால் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கின உடனே முன்கை முழுக்க விறைத்துவிடும். ஓட்டை சின்னதாக இருந்தால் விடும் நேரத்தில் விரல் மாட்டிக்கொண்டு கட்டைவிரல் அடிமூட்டை வெடுக்கென்று இழுக்கும். சரியான ஓட்டை என்றால் விரல் முழுசாக உள்ளே போக வேண்டும், லேசாக ஓரம் உரச வேண்டும், ஆனால் இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் இரண்டாவது கணு வரை போக வேண்டும். அப்படிப் போட்டுக்கொண்ட பிறகு உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவு இடம் இருந்தால் போதும். ரொம்ப இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தால் வேறு பந்து எடுங்கள். வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவுடன் விரல் உப்பியிருக்கும், ஏசியில் கொஞ்ச நேரம் இருந்தால் சுருங்கும். அதனால் வந்ததும் எடுத்த பந்து இரண்டாவது ஆட்டத்தில் தொளதொளவென்று ஆனால் ஆச்சரியப்படாதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வலிக்கிறது என்றால் அப்புறம்தான் சப்போர்ட்டைப் பற்றிப் பேச வேண்டும். வலி எந்த இடத்தில் என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டிப் பாருங்கள்.

புறங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிகிற இடத்தில் வலித்தால், பந்தின் கனம் கையைப் பின்பக்கமாக மடக்குகிறது என்று அர்த்தம். கை ஊஞ்சலாகக் கீழே வரும்போது பந்து மணிக்கட்டைத் திறந்துவிடுகிறது, நாம் அதை விடும் கணத்தில் சட்டென்று நிமிர்த்துகிறோம். இந்த வலிக்குத்தான் பௌலிங் சப்போர்ட் நிஜமாகவே வேலை செய்யும். புறங்கையில் ஒரு தகடோ கெட்டியான பிளாஸ்டிக்கோ வைத்து, மணிக்கட்டு பின்னால் மடியாமல் நேராக நிறுத்துகிற மாதிரி வாங்குங்கள். வெறும் எலாஸ்டிக் பட்டி சூட்டைப் பிடித்து வைக்கும், கைக்கு ஒரு நினைவூட்டலாக இருக்கும், அவ்வளவுதான், ஐந்து கிலோவைத் தடுத்து நிறுத்தாது.

கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டு எலும்புக்கு மேலே வலித்தால் கதை வேறு. கட்டைவிரலை உள்ளே வைத்து மெதுவாக மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் லேசாகச் சாயுங்கள். சுருக்கென்று குத்தினால் அது கட்டைவிரலை இழுக்கிற தசைநார்களின் உறை வீங்கியிருப்பதாக இருக்கலாம். டாக்டர்கள் இதை டி கெர்வான் என்பார்கள். நம் பக்கம் காலையும் மாலையும் கையால் பால் கறக்கிறவர்களுக்கும், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்குகிற அம்மாக்களுக்கும் இந்த வலி ஏற்கெனவே இருக்கும், பௌலிங் அதைக் கிளப்பிவிடும். இதற்குச் சாதாரண ரிஸ்ட் பேண்ட் உதவாது, ஏனென்றால் அது கட்டைவிரலைப் பிடிப்பதில்லை. கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் வைக்கும் ஸ்பிளின்ட் (கெட்டியான கட்டு) வேண்டும், அதைப் போட்டால் விரல் ஓட்டைக்குள் போகாது. ஆக இந்த வலிக்கு மருந்து ஓய்வு. கொஞ்ச நாள் பௌலிங்கை நிறுத்துங்கள், இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கட்டைவிரலின் உள்பக்கம், அதாவது ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கம், அடியில் மரத்துப்போய்த் தொட்டால் மின்சாரம் போல் ஓடினால், ஓட்டையின் விளிம்பு அங்கே இருக்கிற நரம்பை அழுத்துகிறது. பௌலிங் ஆடுகிறவர்களுக்கே வருகிற தொல்லை இது. கிளவுஸ் போட்டாலும் பயன் இல்லை, பௌலிங் கிளவுஸில் கட்டைவிரல் திறந்துதான் இருக்கும். சொந்தப் பந்து வைத்திருப்பவர்கள் ஓட்டை விளிம்பை வழவழவென்று சரித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும், மால் பந்தில் ஆடுகிறவர்கள் பெரிய ஓட்டை உள்ள பந்துக்கு மாற வேண்டும். விரலில் ஒட்டுகிற துணி டேப் உராய்வைக் குறைக்கும், ஆனால் மரமரப்பு இருக்கும்போதே டேப் ஒட்டிக்கொண்டு ஆடாதீர்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் சேர்ந்து விறுவிறுக்கிறது, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறது என்றால் மணிக்கட்டின் உள்பக்கம் நரம்பு நெருக்கப்படுகிறது. இவர்களுக்கு இறுக்கமான பட்டி எதிரி. மடிப்பு ரேகைமேல் வெல்க்ரோவை இழுத்துக் கட்டினால் நரம்பு இன்னும் நசுங்கும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், தகடு வைத்த நேரான ஸ்பிளின்ட்டை ராத்திரி தளர்வாகக் கட்டிக்கொண்டு படுப்பது நல்லது.

சுண்டுவிரல் பக்கம் வலிப்பவர்கள் பெரும்பாலும் பந்தைச் சுழற்றிவிட ஆசைப்பட்டுக் கையைத் திருகுகிறவர்கள். மணிக்கட்டைச் சுற்றி மட்டும் கட்டும் அகலம் குறைந்த பட்டி கொஞ்சம் ஆறுதல் தரும். திருகலை விட்டுவிட்டு நேராக விட்டுப் பாருங்கள், எப்படியும் மால் பந்து பெரிதாக வளையாது.

இனி வாங்குகிற விஷயம். பௌலிங்குக்கென்றே செய்த சப்போர்ட்டுகளை பிரன்ஸ்விக், ஸ்டார்ம், ராபீஸ் போன்ற கம்பெனிகள் விற்கின்றன, நம் ஊர்க் கடையில் கிடைக்காது, ஆன்லைன்தான். அவற்றில் சில வெறும் துணியும் தகடும், சில முழங்கைக்குப் பாதி தூரம் வரை வரும் உலோகக் கூடு, திருகைத் திருப்பி மணிக்கட்டை எவ்வளவு உள்ளே மடக்கலாம், எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று அமைத்துக்கொள்ளலாம். பெரியதுதான் நல்லது என்று நினைக்காதீர்கள். உள்ளே மடக்குகிற அமைப்பு பந்துக்குச் சுழற்சி கூட்டுவதற்காக, வலியைக் குறைப்பதற்காக இல்லை, அப்படி மடக்கிப் பிடித்தால் முன்கைக்கு வேலை அதிகம். வலிக்காக வாங்குகிறவர் நேராக நிற்கும் அமைப்பிலேயே வைத்திருங்கள். முழங்கை வெளிப்பக்கம் ஏற்கெனவே வலிக்கிறவர்கள் கனமான உலோகக் கூட்டைத் தவிர்ப்பது நல்லது. எப்போதாவது ஆடுகிற நமக்குத் துணியும் எடுத்து வைக்கக்கூடிய தகடும் உள்ள குட்டையான சப்போர்ட்டே போதும்.

கிளவுஸ் எதற்கு? உள்ளங்கை எரிகிறது, தோல் உரிகிறது, வியர்வையில் பந்து வழுக்குகிறது, அதனால் இறுக்கிப் பிடிக்கிறேன் என்பவர்களுக்கு. பௌலிங் கிளவுஸில் கட்டைவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் வெளியே இருக்கும், உள்ளங்கையில் சொரசொரப்பான துணியும் ஒரு சின்ன மெத்தையும் இருக்கும். அந்த மெத்தை கைக்கும் பந்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அடைப்பதால் மால் பந்து கொஞ்சம் நம் கைக்கு அமைந்தது போல் உட்காரும், இறுக்கிப் பிடிக்கிற பழக்கமும் தானாகக் குறையும். ஆனால் சொந்தமாகக் கை அளவெடுத்துத் துளையிட்ட பந்து வைத்திருப்பவர்களுக்குத் தடித்த மெத்தை ஆகாது, அளவே மாறிவிடும். பைக் கிளவுஸ், ஜிம் கிளவுஸ் வீட்டில் இருக்கிறதே, அதையே போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அவற்றில் விரல் அடியில் தடித்த தையல் இருக்கும், விரல் ஓட்டையின் ஆழம் வரை போகாது, பந்து பாதி விரலில் தொங்கும்.

அளவு எடுப்பதற்கு ஒரு தையல் டேப் போதும். மணிக்கட்டு எலும்புக்குக் கீழே ஒரு சுற்று, கட்டைவிரலை விட்டுவிட்டு விரல் மூட்டுகளைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு அந்தந்தக் கம்பெனியின் அளவு அட்டவணையோடு பாருங்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் லார்ஜாக இருக்கும். வலது இடது தனித்தனி, ஆர்டர் போடும்போது இதைத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள், இடது கைக்காரர்கள் ரெண்டு தடவை பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் சப்போர்ட்டில் பெரியதையும், துணி கொஞ்சம் இளகும் என்பதால் கிளவுஸில் சின்னதையும் எடுங்கள். கையில் வந்ததும் பட்டியைக் கட்டி அடியில் ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். ஐந்து நிமிடம் வைத்திருந்து விரல் நுனி வெளுத்தாலோ விறுவிறுத்தாலோ அது இறுக்கம். பிறகு பந்து இருக்கிற இடத்தில் போட்டுக்கொண்டு முதலில் வீசாமல் இரண்டு தடவை கையை மட்டும் ஆட்டிப் பாருங்கள், தகடு எலும்பில் இடித்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதனால் லேபிளை அதற்கு முன் கிழிக்காதீர்கள்.

நம் வீடுகளில் கை சுளுக்கினால் உடனே முறிவெண்ணெயைத் தேடுவோம். ராத்திரி தேய்த்துக்கொள்ளுங்கள், ஆனால் எண்ணெய் தடவின கையில் சப்போர்ட் மாட்டிக்கொண்டு ஆடப் போகக் கூடாது. எண்ணெய் ஓட்டைக்குள் போனால் பந்து நழுவிக் காலில் விழும், நியோபிரீன் என்கிற ரப்பர் மாதிரித் துணிக்குள் எண்ணெயும் வியர்வையும் தங்கித் தோல் கொப்பளிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எவ்வளவு அடித்தாலும் மார்ச், ஏப்ரலில் கை வியர்க்கத்தான் செய்யும், அதனால் சின்னச் சின்னத் துளை போட்ட துணி எடுங்கள், பையில் ஒரு டவல் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டாம். உங்கள் முறை முடிந்ததும் வெல்க்ரோவைத் தளர்த்துங்கள், அடுத்தவர் வீசும் நேரத்தில் கைக்கு ரத்தம் ஓடட்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மணிக்கட்டை மெதுவாகச் சுற்றுங்கள், விரல்களை விரித்து மூடுங்கள். நாள் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டி, தேங்காய் உரித்து, போன் பார்த்தால் கைத்தசை சோம்பிப்போகும். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி போகவில்லை, வீக்கம் இருக்கிறது, கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது, விரல் மரமரப்பு நிற்கவில்லை என்றால் ஆர்த்தோ டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது நீங்கள் போடுகிற சப்போர்ட்டையும் எடுத்துப்போங்கள், அது உங்கள் கைக்கு ஆகுமா ஆகாதா என்று அவர் பார்த்துச் சொல்வார். விழுந்து ஊன்றின கையில் வலி என்றால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே எக்ஸ்ரே எடுங்கள்.

சப்போர்ட்டைத் துவைக்கும்போது தகட்டை உருவி எடுத்துவிட்டு, வெல்க்ரோவை ஒட்டி வைத்து, கொஞ்சம் சோப்புப் போட்டுக் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். வாஷிங் மெஷினிலும் மொட்டைமாடி வெயிலிலும் போட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் போய்விடும், வெல்க்ரோ பிடிக்காமல் போன சப்போர்ட்டை ஊசிநூல் போட்டுத் தைத்து ஓட்டாமல் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.