அமெரிக்க மாணவர் விசா: எங்கே சறுக்குகிறது?

கல்லூரியில் இடம் கிடைத்து, அதை உறுதிசெய்து கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவமும் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் தாண்டியிருப்பது பாதிக் கிணறுதான், எஃப்-1 எனப்படும் மாணவர் விசா இன்னும் மிச்சம் இருக்கிறது. சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரி உங்கள் பிள்ளையிடம் பேசப்போவது பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம். அங்கே விசா ஏஜென்ட் பக்கத்தில் நிற்கமாட்டார். அப்படியிருக்க, அதுவரையிலான வேலை முழுவதையும் அவரிடமே விட்டுவிடுகிறோம். நான் பார்த்த சறுக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் டிஎஸ்-160 படிவம், அதாவது இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பம். இதை மாணவரே உட்கார்ந்து நிரப்ப வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குப் பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. இனிஷியலை ஒரு சான்றிதழில் விரித்து எழுதியிருப்போம், இன்னொன்றில் ஒற்றை எழுத்தாக விட்டிருப்போம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் டிஎஸ்-160-இல் உங்கள் பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போகும், இயற்பெயருக்கான கட்டத்தில் 'எஃப்என்யூ' (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று போட வேண்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதுதான் முறை. ஐ-20-இல் பெயரோ பிறந்த தேதியோ பிழையாக இருந்தால், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, திருத்திய படிவத்தை வாங்கிவிடுங்கள்.

டிஎஸ்-160 படிவத்தில் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். பழைய கணக்குதானே என்று விட்டுவிடாதீர்கள். 2025 ஜூன் முதல் மாணவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். போட்டோவில் கண்ணாடி கூடாது. வெளிநாட்டு மாணவர்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க அரசின் அமைப்பான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இரண்டும் தனித்தனி. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதை மறந்தவர்கள் உண்டு.

அப்புறம் பணம். முதல் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று ஐ-20-இலேயே அச்சாகியிருக்கும். அதற்கு வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். நேர்காணலுக்கு இரண்டு வாரம் முன்பு சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கி 30 லட்சத்தை அப்பா கணக்கில் போட்டால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. வங்கியின் கல்விக் கடன் அனுமதிக் கடிதம் அதைவிடத் தெளிவான ஆதாரம். கடன் வாங்கிப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'அங்கே போய் பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிப்பேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். முதல் ஆண்டில் வளாகத்துக்குள் மட்டும்தான் வேலை பார்க்கலாம், அதுவும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான். அதை வைத்துக் கல்விக் கட்டணம் கட்ட முடியாது என்பது அதிகாரிக்கு நன்றாகவே தெரியும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது மனப்பாடம்தான். என் அக்கா மகள் திருநெல்வேலியில் சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்தோம். 'ஏன் இந்தக் கல்லூரி?' என்றேன். உலகத் தரமான பேராசிரியர்கள், நவீன ஆய்வுக்கூடங்கள் என்று ஏஜென்ட் கொடுத்த தாளை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தாள். நடுவில் ஒரு கேள்வி போட்டேன், நின்றுவிட்டாள். விட்ட இடம் தெரியவில்லை. 'சரி, அதை விடு. சித்திக்குச் சும்மா சொல்லு' என்றேன்.

'தாமிரபரணியில சாக்கடை கலக்குறதப் பாத்துக்கிட்டே வளந்தேன் சித்தி. அங்க கழிவுநீர் சுத்திகரிப்புக்குன்னு தனி லேப் இருக்கு. ரெண்டாவது செமஸ்டர்ல அந்த சப்ஜெக்ட் எடுக்கலாம்.'

இதையே உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னால் போதும் என்றேன். அப்படிச் சொல்பவரிடம் அதிகாரி அடுத்து எதைக் கேட்டாலும் பேச்சு நிற்காது.

படிப்பு முடிந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் வீட்டிலேயே யோசித்து வைத்திருக்க வேண்டும். படிப்பு முடிந்தால் ஊர் திரும்புவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராவிட்டால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின் கீழ் விசாவை மறுத்துவிடலாம். நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. போலிச் சான்றிதழ், போலி வங்கிக் கணக்கு அறிக்கை பக்கம் போகவே போகாதீர்கள். பொய் என்று முடிவானால் ஆயுளுக்கும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வரும்.

விசா கைக்கு வருமுன் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம். வந்த பிறகும், படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னதாக அங்கே போய் இறங்க முடியாது.

214(பி) மறுப்பு நிரந்தரமானது இல்லை. விசா விண்ணப்பக் கட்டணத்தை மறுபடி கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே தாள்கள், அதே பதில்களோடு மறுவாரமே போய் நிற்பதில் பயனில்லை. கடன் அனுமதியோ வேறு ஏதாவதோ மாறியிருக்க வேண்டும். அப்போது 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு ஏஜென்ட் என்ன சொன்னாலும் 'ஆம்' என்றே எழுதுங்கள். அந்தப் பதிவு அதிகாரியின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.