தாய்ப்பாலைக் கணக்கில் சேர்த்த பிறகு

கோப்பாயில் எங்கள் ஜமுனாபாரிக் கலப்பு ஆடுகளின் பிறப்பு எடையும் 90ஆம் நாள் எடையும் ஒரு கொப்பியில் கிடந்தன. இனவிருத்திக்குக் கிடாய் தெரிவு செய்ய, வொம்பாட் என்ற இனவிருத்திக் கணிப்பு மென்பொருளில் விலங்கு மாதிரியை ஓட்டினேன். எடை வித்தியாசத்தில் மரபணுவால் வந்தது எவ்வளவு என்று, ஆடுகளின் உறவுமுறையை வைத்துப் பிரிக்கும் கணக்கு அது. குட்டி கிடாயா மறியா, பிறந்தது மாரியா கோடையா, ஒற்றையா இரட்டையா எல்லாம் கொடுத்திருந்தேன். ஆனாலும் எடை வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு நம்ப முடியாத அளவு கூடவாக வந்தது.

“தம்பி, அந்த மறிக்குப் பால் கூட. அதுதான் குட்டி கொழுத்திருக்கு” என்றார் பக்கத்து வீட்டு மாமி. அதுதான் விசயம்! பால் கொடுக்கும் திறன் போன்ற தாயின் மரபு விளைவையும், ஒரே மறியின் எல்லா ஈற்றுக்கும் பொதுவான நிரந்தரச் சூழல் விளைவையும் சேர்த்தேன். பங்கு இறங்கியது. ஆனால் நேரடி விளைவுக்கும் (குட்டியின் சொந்த மரபணு) தாய்வழி விளைவுக்கும் இடையிலான தொடர்பு −1-ஐ ஒட்டி நின்றது, ஒன்று கூடினால் மற்றது அதே அளவில் குறையும் என்பது போல. அதை நம்ப முடியவில்லை. பல தாய்களின் சொந்தக் குட்டிக்கால எடையே பதிவில் இல்லை. இரண்டையும் பிரிக்கத் தரவு போதாது. சரி, அந்தத் தொடர்பைச் சுழியமாக வைத்தேன். மாதிரியின் பொருத்தம் பெரிதாகக் குறையவில்லை.

புதிய கணிப்பின் வரிசையில், முன்பு முதலிடத்தில் இருந்த கிடாய் நடுவுக்கு இறங்கியது. தீபாவளிக்கு விற்க இருந்த மெலிந்த ஒன்று மேலே வந்தது. அதை விற்கவில்லை.